காய்வதற்கென்றே ஒரு பழம்

பங்குனிக் கடைசியில் கரிசல்காட்டு வரப்பில் நிற்கும் இலந்தையைப் பார்த்தால் பட்டுப்போன மரம் என்றே நினைக்கத் தோன்றும். இலை ஒன்றுவிடாமல் உதிர்ந்திருக்கும். வளைந்து தொங்கும் சாம்பல் நிறக் கிளைகளில் முள் மட்டும் மிச்சம். சின்னக் கிளை ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தால்தான் பட்டைக்கு அடியில் பச்சை தெரியும். தண்ணீர் இல்லாத மாதங்களில் இலை வைத்திருப்பது நஷ்டம் என்பதால் மரம் அத்தனையையும் உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கிறது.

இந்த மரத்தின் ஆண்டுக்கணக்கு சித்திரையிலோ தையிலோ தொடங்குவதில்லை. ஆனி, ஆடியில் ஒன்றிரண்டு மழை விழுந்ததும் புதுத் தளிர் ஓடும். ஆவணி, புரட்டாசியில் அந்தத் தளிரின் இலைக்கக்கங்களிலேயே பூ வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை காயைப் பெருக்க வைக்கும். மழை ஓய்ந்து, பனியும் வெயிலும் மாறி மாறி வரும் மார்கழி, தை, மாசியில் பழுக்கும். மண்ணில் ஈரம் இருக்கும் ஐந்தாறு மாதத்துக்குள் துளிர்த்து, பூத்து, காய்த்து முடித்துவிட்டு, பழத்தை உலர்ந்த காற்றின் பொறுப்பில் விட்டுவிடுகிறது. இதைச் சொல்லித் தொடங்கக் காரணம் உண்டு. இலந்தையைத் தின்பதற்கு மனிதர் கண்டுபிடித்த வழிகளில் பெரும்பாலானவை பழம் காய்ந்த பிறகே ஆரம்பிக்கின்றன. மரமும் உலர்வதை நம்பி வாழ்கிறது, பழமும் அப்படித்தான்.

பூ அந்த ஆண்டுத் தளிரில் மட்டுமே வரும் என்பதில் ஒரு வேளாண் நுட்பம் ஒளிந்திருக்கிறது. பழைய கிளை எவ்வளவு இருந்தாலும் பயனில்லை, புதுக் கிளை வேண்டும். கோடையில் வேலிக்காகவும் ஆட்டுக்கிடைக்குப் படல் கட்டவும் இலந்தை முள்ளை வெட்டிப் போவது நம் மானாவாரி ஊர்களின் வழக்கம். வெட்டியவர் வேலியை நினைத்துத்தான் வெட்டினார். ஆனால் வெட்டிய இடத்தில் வீரியமாகத் தளிர் வெடித்து, அடுத்த தையில் அந்தக் கிளையில்தான் பழம் அதிகம் தொங்கும். இன்றைக்குத் தோட்டக்கலைத் துறையினர் ஒட்டு இலந்தைக்குக் கோடைக் கவாத்து பரிந்துரைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

தாவரவியலில் இதன் பெயர் சிசிபஸ் மௌரிசியானா. 1789ல் லாமார்க் வைத்த பெயர். இதன் இலை ஒன்றைப் பறித்து உற்றுப் பாருங்கள். காம்பு சேரும் இடத்திலிருந்தே மூன்று நரம்புகள் நுனியை நோக்கி ஓடும். மேற்பக்கம் மினுமினுக்கும் கரும்பச்சை, அடிப்பக்கம் வெள்ளையாக, கம்பளி ஒட்டியது மாதிரி மென்மயிர். இலைத்துளைகள் இருக்கும் அடிப்பக்கத்தில் இந்த மயிர்ப் படலம் அசையாத காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு நீராவி இழப்பைக் குறைக்கிறது. இப்போது இலையை உள்ளங்கையில் வைத்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கசக்குங்கள். வழவழவென்று வரும், கொஞ்சம் நுரைக்கும். தலைக்குத் தேய்த்துக் குளிக்க இந்த இலையை அரைத்தவர்களுக்கு இந்தப் பசை பழக்கமானதே. இது ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலி. வறட்சி வரும்போது இலையில் இதைத் தவிரச் சிறு சர்க்கரைகளும் கூடுகின்றன. 1998ல் வெளியான ஓர் ஆய்வு, தண்ணீர் நிறுத்தப்பட்ட இலந்தைக் கன்றுகளின் இலையில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், புரோலின் ஆகியவை ஏறுவதையும், செல்சுவரின் விறைப்பே மாறுவதையும் அளந்து காட்டியது. செல்லுக்குள் கரைபொருள் கூடக்கூட, காய்ந்த மண்ணிலிருந்தும் அது நீரை இழுத்துக்கொள்ளும். ஆழத்துக்கு இறங்கும் ஆணிவேர் ஒரு பக்கம், இலைக்குள் நடக்கும் இந்த வேதியியல் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்துதான் இலந்தை.

முள்ளையும் விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு கணுவிலும் இரண்டு. ஒன்று நேராக நீட்டி நிற்கும், மற்றது சிறியதாகப் பின்னோக்கி வளைந்திருக்கும். இலையடிச் செதில்களே இப்படி முள்ளாகிவிட்டன. நேர்முள், கை உள்ளே போகும்போது குத்தும். வளைமுள், கையை வெளியே இழுக்கும்போது மாட்டும். பழம் பறிக்கக் கை விட்டவர்களின் முழங்கையில் இருக்கும் கீறல்களில் பெரும்பாலானவை திரும்பி வரும்போது வாங்கியவை. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கிளையைத் துரட்டியால் பிடித்து உலுக்கி, கீழே உதிர்ந்ததைப் பொறுக்குவார்கள்.

பூவைப் பலர் பார்த்திருக்கவே மாட்டார்கள். மஞ்சள் கலந்த பச்சையில், மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஐந்து முனை நட்சத்திரமாக இருக்கும். நடுவில் ஈரமாகப் பளபளக்கும் ஒரு வட்டத் தட்டு. தேன் அதன்மேல் திறந்தே கிடக்கிறது. நீண்ட குழலும் ஆழமான கிண்ணமும் இல்லாததால் வாய் குட்டையான பூச்சிகளுக்கும் அது எட்டும். ஈக்களும் குளவிகளும் தேனீக்களும் மொய்க்கின்றன. பூ மலரும்போது மகரந்தம் முதலில் முதிர்ந்துவிடும், சூல்முடி பிறகுதான் தயாராகும். போதாததற்கு, பயிரிடும் ரகங்கள் பல தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. ஒரே ரகத்தை மட்டும் நட்டுவிட்டுப் பூ கொட்டுகிறதே என்று வருந்தும் தோட்டக்காரர்களுக்கு இதுவும் ஒரு விடை.

இனி பழத்துக்கு வருவோம். காட்டு இலந்தைப் பழம் கோலிக்குண்டு அளவு, சில மரங்களில் அதைவிடவும் சிறிது. நடுவே கரடுமுரடான கொட்டை. அதைச் சுற்றி மெல்லிய சதை. பச்சைக்காயாக இருக்கும்போது துவர்க்கும். நம் எச்சிலில் உள்ள புரதங்களோடு காயின் டானின்கள் ஒட்டிக்கொள்ள, நாக்கு வழுக்கும் தன்மையை இழந்து சொரசொரப்பாகிறது. துவர்ப்பு என்று நாம் உணர்வது இதைத்தான். மஞ்சள் படரத் தொடங்கும் செங்காயில் துவர்ப்பு இறங்கி, நறுக்கென்ற கடியும் புளிப்பும் வரும். பள்ளிக்கூட வாசலில் ஆழாக்கில் அளந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்றது பெரும்பாலும் இந்தப் பருவத்துப் பழம். முழுதும் பழுத்துச் செம்பழுப்பானால் சதை மாவாகும், இனிப்பு ஏறும். இன்னும் விட்டால் தோல் சுருங்கி, சதை பஞ்சாகி, ஒரு நாள்பட்ட புளித்த வாசனை எழும். சிலருக்கு அது பிடிக்காது. எனக்கு அந்தக் கடைசிப் பருவம்தான் இலந்தையின் உச்சம்.

அந்த வாசனைக்குக் காரணம் தேடிப் போனால் ஜிம்பாப்வேயின் சாம்பசி ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே இதே மரம் காடாக வளர்ந்து கிடக்கிறது, மசாவ் என்கிறார்கள். பழத்தைப் பச்சையாகவும் தின்கிறார்கள், வெயிலில் காயவைத்தும் சேமிக்கிறார்கள், ஊறவைத்துப் புளிக்கவிட்டுக் கச்சாசு என்ற சாராயமும் காய்ச்சுகிறார்கள். அந்தப் பழத்திலும் புளித்த கூழிலும் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி 2007ல் வெளிவந்த ஆய்வு, ரொட்டிக்கும் மதுவுக்கும் உதவும் அதே ஈஸ்ட் வகையும், தயிரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களுக்கு உறவான லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் அங்கே இருப்பதைக் காட்டியது. வெளியிலிருந்து யாரும் உறை ஊற்றவில்லை. தோலில் ஒட்டியிருப்பவையே போதும். மரத்தடியில் இரண்டு நாள் கிடந்த நம் இலந்தையிலும் இப்படியொரு புளிப்பு மெல்லத் தொடங்கிவிடுகிறது என்பதை அந்த வாசனையே சொல்லிவிடும்.

சத்துக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவுப் பட்டியலில் 100 கிராம் இலந்தைச் சதைக்கு 76 மில்லிகிராம் வைட்டமின் சி போட்டிருக்கிறது. அதே பட்டியலில் ஆரஞ்சுக்கு 30. நெல்லியும் கொய்யாவும் இதைவிட வெகுவாக மேலே இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. வெயிலில் காயவைத்தால் இந்த வைட்டமினில் பெரும்பங்கு போய்விடும். ஆகவே வைட்டமின் சி வேண்டும் என்றால் தைமாதத்துச் செங்காயைத் தின்ன வேண்டும். காய்ந்த இலந்தையைத் தின்பது வேறு காரணங்களுக்காக.

அந்தக் காரணங்களில் தலையாயது இலந்தை வடை. இலந்தை அடை என்றும் சொல்வார்கள். எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உதிர்ந்து கிடக்கும் நல்ல சிவந்த பழங்களைப் பொறுக்கி, கழுவி, ஒருநாள் இரண்டுநாள் வெயிலில் வாட்டுவார்கள். உரலில் முதலில் காய்ந்த மிளகாய், கல்லுப்பு, பெருங்காயம் மூன்றையும் நுணுக்கிக்கொண்டு, பிறகு பழத்தைப் போட்டு இடிக்க வேண்டும். கொட்டை உடையலாம், ஆனால் பொடியாகக் கூடாது. உடைந்த கொட்டைக்குள் இருக்கும் சின்னப் பருப்பின் கொழுப்புச் சுவையும் கலவையில் சேரும். பெரிய ஓடுகளைச் சிலர் எடுத்துவிடுவார்கள், சிலர் அப்படியே விட்டுவிடுவார்கள். கடைசியில் வெல்லம். கையில் ஒட்டும் பதம் வந்ததும் சிறு வட்டங்களாகத் தட்டித் துணியிலோ ஓலைப்பாயிலோ பரப்பி, திருப்பித் திருப்பிக் காயவைக்க வேண்டும். மேலே கையை வைத்தால் ஒட்டாமல், வளைத்தால் உடையாமல் லேசாக வளைய வேண்டும். அதுதான் பதம்.

மாவோ முட்டையோ சேர்க்காமல் இது எப்படிச் சேர்ந்து நிற்கிறது? பழுத்த இலந்தையில் உள்ள பெக்டினே பசை. காய்ப்பருவத்தில் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்கும் பெக்டின், பழுக்கும்போது நொதிகளால் இளகிக் கரையும் தன்மை பெறுகிறது. பழத்தின் அமிலமும் வெல்லத்தின் சர்க்கரையும் சேரும்போது அது மறுபடி கூழாக இறுகுகிறது. பழ ஜாம் கெட்டியாவதும் இதே வழியில்தான். செங்காயில் வடை தட்டினால் உதிர்ந்துபோவதற்குக் காரணம் இதுதான்: பசையாகும் அளவுக்குப் பெக்டின் இளகியிருக்காது, சர்க்கரையும் குறைவு.

கெடாமல் இருப்பதற்கு வேறொரு கணக்கு இருக்கிறது. ஓர் உணவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு தண்ணீர் நுண்ணுயிர்களின் கைக்கு எட்டுகிறது என்பதுதான் முக்கியம். உணவு அறிவியலில் இதை 0 முதல் 1 வரை அளக்கிறார்கள். தூய நீர் 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.9க்குக் கீழே வளர முடியாமல் தவிக்கும். 0.7க்குக் கீழே பெரும்பாலான பூஞ்சைகளும் நின்றுவிடும். 0.6க்குக் கீழே எதுவுமே வளராது. வெயில் தண்ணீரை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தண்ணீரை உப்பும் சர்க்கரையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. போதாக்குறைக்குப் பழத்தின் புளிப்பு வேறு. இப்படி மூன்று தடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கிறது இந்தப் பண்டம். வெல்லத்தைத் தாராளமாகப் போட்டால் மட்டும் ஓர் ஆபத்து உண்டு. வெல்லம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழைநாளில் மூடி சரியில்லாத டப்பாவில் இருந்த வடை பிசுபிசுத்துப் பூஞ்சை பிடிக்கும். நல்ல கார வடையில் வெல்லம் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது ருசிக்கு மட்டும் சொன்னதில்லை.

காட்டு இலந்தையின் குறை என்று எதையெல்லாம் சொல்வோமோ, அதெல்லாம் இங்கே நிறையாக மாறுகிறது. சதை மெலிந்திருப்பதால் சீக்கிரம் காய்கிறது. சாறு இல்லாததால் அழுகுவதற்கு முன் உலர்ந்துவிடுகிறது. புளிப்பு கூடுதலாக இருப்பதால் கெடுவதில்லை. தைவெயிலில் மரத்திலேயே பாதி காய்ந்து விழுவதால் பாதி வேலை மரத்திலேயே முடிந்துவிடுகிறது. வறண்ட நிலத்து மக்கள் பலரும் இந்த முடிவுக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். தெலுங்கு நாட்டில் ரேகு வடியாலு என்று ஏறக்குறைய இதே பண்டத்தைச் செய்கிறார்கள். போகி அன்று குழந்தைகளின் தலையில் ரேகுப் பழத்தைக் கொட்டி ஆசீர்வதிப்பதும் அவர்கள் வழக்கம். சகாராவின் தென்விளிம்பில் காய்ந்த இலந்தைச் சதையை இடித்து மாவாக்கி, அடை தட்டி, தானியம் தீர்ந்த மாதங்களுக்கு வைத்துக்கொள்கிறார்கள். பலுசிஸ்தானத்தில் மெஹர்கர் என்ற புதிய கற்காலக் குடியிருப்பைத் தோண்டியபோது கோதுமை, பார்லியோடு இலந்தை இனக் கொட்டைகளும் கிடைத்தன. ஒன்பதாயிரம் ஆண்டுப் பழமை தொடும் இடம் அது. கூடையிலும் குதிரிலும் வைத்துச் சேமிக்கக்கூடிய பழம் என்பது உழவு தொடங்கிய காலத்து மனிதருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதே மரத்தில் நாம் அறியாமல் தின்னும் ஒன்றும் விளைகிறது. அரக்குப் பூச்சி வளர்க்கும் மரங்களில் இலந்தை முக்கியமானது, பலாசும் பூவந்திக் குடும்பத்துக் குசும் மரமும் மற்ற இரண்டு. ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் பழங்குடிக் குடும்பங்கள் கவாத்து செய்த இலந்தைக் கிளைகளில் பூச்சி அடைந்த குச்சிகளைக் கட்டிவிடுவார்கள். பூச்சிகள் புதுத் தளிரின் சாற்றை உறிஞ்சி, உடலைச் சுற்றிப் பிசினைச் சுரக்கும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் ஷெல்லாக். பளபளக்கும் மிட்டாய்களின் மேற்பூச்சாகவும், வயிற்றில் கரையாமல் குடலில் கரைய வேண்டிய மாத்திரைகளின் உறையாகவும் அது நமக்குள் போகிறது. இதற்கென்றே ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்குமில் 1920களில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இங்கும் தேவைப்படுவது கோடையில் வெட்டப்பட்ட கிளையிலிருந்து வெடிக்கும் இளந்தளிர்தான்.

இப்போது சந்தையில் இலந்தை என்றால் பலருக்கும் நினைவு வருவது பச்சை ஆப்பிளின் சாயலில் வரும் ஆப்பிள் இலந்தை. உம்ரான், கோலா போன்ற வடநாட்டு ரகங்கள் முன்பே உண்டு. பெருத்த பழம், மெல்லிய புளிப்பு, நிறைய சாறு, சிறிய கொட்டை. மானாவாரி உழவருக்கு வருமானம் தரும் பயிர், அதில் எனக்கு மறுப்பில்லை. நைஜர் நாட்டில் கோலா ரகத்தை உள்ளூர் வேரில் ஒட்டுக்கட்டி, சகேல் ஆப்பிள் என்ற பெயரில் பரப்பியதால் பாலைவன ஓரத்து ஊர்களுக்குப் புதுப்பழம் கிடைத்திருக்கிறது. ஆனால் இந்தப் பெரும்பழத்தை உரலில் போட்டு வடை தட்ட முயன்றால் நீர்த்துப்போகும். காயவைத்தால் தோல் மட்டும் இறுகி உள்ளே ஈரம் தங்கும். இது பச்சையாகத் தின்பதற்கான பழம். காட்டு இலந்தை சேமித்துத் தின்பதற்கான பழம். முதலாவது இருந்தால் இரண்டாவது தேவையில்லை என்று வரப்பு மரங்களை ஜேசிபி வைத்துப் பிடுங்குவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒட்டுக்கட்டுவதற்கு வறட்சி தாங்கும் வேர் கிடைப்பதும், புதுப் புளிப்புகளும் புது மணங்களும் விதையிலிருந்து பிறந்துகொண்டே இருப்பதும் அந்தக் காட்டு மரங்களில்தான். ஒரு மரத்துப் பழம் போல அடுத்த மரத்துப் பழம் இருக்காது. ஊரில் எந்த மரம் வடைக்கு, எந்த மரம் அப்படியே தின்ன என்று பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்தது இதனால்தான்.

பழத்துக்குள் புழு இருப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. கார்போமையா வெசுவியானா என்ற பழ ஈயின் வேலை அது. பெண் ஈ காயின் தோலுக்கடியில் முட்டையிடும், புழு கொட்டையை ஒட்டிய சதையைத் தின்று வளர்ந்து, மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். உதிர்ந்த பழங்களை உடனுக்குடன் பொறுக்கி எடுப்பதும் கோடையில் மரத்தடியைக் கொத்திவிடுவதும் இதன் சுழற்சியை உடைக்கும். வாயில் போடுமுன் பிட்டுப் பார்க்கும் பழக்கம் போதும், மற்றபடி இலந்தையை ஒதுக்க வேண்டியதில்லை.

கரடி, நரி, மரநாய், மான், குரங்கு எல்லாமே இதைத் தின்கின்றன. கரடியும் நரியும் கொட்டையை முழுசாக விழுங்கி எச்சத்தில் போட்டுவிட்டுப் போகும். ஆடு, அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடும். தைமாதம் ஆட்டுப்பட்டிக்குள் காலையில் பார்த்தால் சதை நீங்கிச் சுத்தமான இலந்தைக் கொட்டைகள் குவிந்து கிடக்கும். விலங்குகள் வழியாகப் பரவும் இந்தத் திறமையே வேறிடத்தில் தொல்லையானதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட இலந்தை, அங்கே மாடுகள் வழியாக மேய்ச்சல் நிலமெங்கும் பரவி, முள்புதராகி, இன்றைக்கு அரசு கட்டுப்படுத்தும் களைகளில் ஒன்றாக இருக்கிறது.

நம் ஊரில் வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கு அந்தப் பட்டிக் கொட்டைகளே சிறந்த விதை. 17, 18 சதவீத உப்புக் கரைசலில் போட்டால் பொக்குக் கொட்டைகள் மிதக்கும், அவற்றைத் தள்ளிவிட்டு மூழ்கியதை எடுத்து நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். ஓட்டோடு விதைத்தால் முளைக்க வாரக்கணக்கில் ஆகும். சிறு சுத்தியலால் ஓட்டை மட்டும் பக்குவமாக உடைத்து, உள்ளே இருக்கும் பழுப்பு விதையை எடுத்து ஊன்றினால் ஒரு வாரத்திலேயே முளை காணலாம். பெரும்பாலும் ஒரு கொட்டைக்குள் இரண்டு விதை இருக்கும். ஆணிவேர் வேகமாக இறங்குவதால் குட்டைப் பையில் வைத்தால் வேர் சுருண்டுவிடும். நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுவது உத்தமம், முடியாவிட்டால் ஒருமுழ நீளப் பையாவது வேண்டும். ஆடியில் ஊன்றினால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். முதல் இரண்டு வருஷம் ஆட்டுக்கு எட்டாமல் முள் அடைத்து வையுங்கள். அதற்குப் பிறகு மரமே பார்த்துக்கொள்ளும்.